தராசு பழுதானால் கணக்கைத் திருத்தி என்ன பயன்?



கணினிக்கு நினைவகம் கூட்டிப் போட்டோம், வேகம் கூடும் என்று பார்த்தால் நீலத்திரை தோன்றி நின்று விடுகிறது, இயக்கக் கோப்புகள் கெட்டுவிட்டன என்று எழுதிக் காட்டுகிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோசை மறுபடியும் ஏற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர், செய்யலாமா, வேண்டாமா? இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆகவே இம்முறை நம் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நம் வீடுகளில் இந்தத் தொல்லை பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டும் சீட்டுப் பிடித்தும் மடிக்கணினி வாங்கினோம். மலிவு விலையில் கிடைத்தவற்றில் பலவற்றுக்கு 4 ஜிபி நினைவகந்தான். பிறகு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறியவர்களின் பழைய கணினிகள் ஆமையாய் ஊர்ந்தன. பட்டணத்துக் கடையில் “ரேம் ஒன்று கூட்டிப் போடுங்கள்” என்றார்கள். யோசனை சரியானதுதான், நானும் அதைத்தான் சொல்வேன். சிக்கல் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவகம் கூட்டிய பிறகு கோப்புகள் கெட்டால், கோப்புகளில் கை வைக்காதீர்கள், நினைவகத்தைச் சோதியுங்கள். அது சரி என்று தெரிந்த பிறகே பழுது பார்க்கும் வேலை.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் நிறுக்கும் இடத்தில் எடை குறைகிறது என்று சண்டை வருகிறது. கிராணி புத்தகத்தை எடுத்து எண்ணை அடித்துத் திருத்துகிறார். மறுநாளும் சண்டை, மறுபடியும் திருத்தம். தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட தராசை வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்தினால், திருத்திய கணக்கும் தப்புக் கணக்குத்தானே? கணினியில் தராசு என்பது நினைவகம். கணக்குப் புத்தகம் என்பது வன்தட்டில் இருக்கும் கோப்புகள்.

நினைவகம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வன்தட்டு வீட்டு அலமாரி மாதிரி. மின்சாரம் போனாலும் சாமான் அங்கேயே இருக்கும். நினைவகம் வேலை செய்யும் மேசை மாதிரி. மின்சாரம் போனால் மேசை காலி. அலமாரியிலிருந்து எதை எடுத்தாலும், அலமாரிக்குள் எதை வைத்தாலும், அது முதலில் இந்த மேசைக்கு வந்துதான் போகும். இதை மறக்க வேண்டாம். இனிச் சொல்லப்போகிற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

8 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி சின்னஞ்சிறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டமும் தானாகக் கசிந்துபோகும். ஆகவே வினாடிக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் கணினி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இத்தனை கோடியில் ஓர் அறை கெட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கணினி 1 என்ற எண்ணை எழுத்தாக எழுதும்போது 00110001 என்று வைத்துக்கொள்கிறது. 9 என்ற எண்ணை 00111001 என்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடமிருந்து ஐந்தாம் இடம் மட்டுமே வேறு. ஓர் அறை பிசகினால் 1 வெள்ளி 9 வெள்ளி ஆகிவிடுகிறது! உங்கள் சம்பளச் சீட்டில் நடந்தால் மகிழலாம். விண்டோசின் இயக்கக் கோப்பில் நடந்தால் நீலத்திரைதான்.

நினைவகம் பழுதான அன்றே எல்லாம் கெட்டுவிடாது. பழுதான அறையில் அன்றைக்கு எது வந்து உட்கார்ந்ததோ அதுவே கெடும். படம் பார்க்கும்போது பிசகினால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மைக்ரோசாப்ட் தன் மாதாந்தரப் புதுப்பிப்பை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி வெளியிடுகிறது. நமக்கு அது புதன்கிழமை. அப்போது ஏராளமான இயக்கக் கோப்புகள் மேசைக்கு வந்து, பிரிக்கப்பட்டு, அலமாரிக்குப் போகின்றன. கெட்ட அறையில் உட்கார்ந்து எழுந்த கோப்பு கெட்டபடியே அலமாரியில் ஏறிவிடுகிறது. “ரேம் போட்டு மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று விண்டோஸ் கெட்டுவிட்டது” என்று பலர் சொல்வது இதனால்தான். பழியை விண்டோசின் மீது போடுகிறார்கள். குற்றவாளி மூன்று வாரமாக மேசையிலேயே இருக்கிறான்.

இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? உண்டு. காலைப் பெரட்டில் மண்டோர் ஆள் எண்ணிக்கை சொல்ல, கிராணியும் தனியாக எண்ணிப் பார்ப்பது போல, எட்டு அறைக்கு ஒன்பதாவதாக ஒரு காவல் அறை வைக்கும் முறை பழையது. 1981இல் வந்த ஐபிஎம் கணினியிலேயே அது இருந்தது. பிழையைக் கண்டு தானே திருத்திக்கொள்ளும் நினைவகமும் உண்டு. ஆனால் அது பெரிய நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. நாம் வாங்கும் வீட்டுக் கணினிகளில் அநேகமாக அந்தக் காவல் கிடையாது. விலையைக் குறைக்கக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தந்தான். காவல் மிகவும் தேவைப்படுவது, கெட்டால் மாற்று வாங்க வழியில்லாத வீட்டுக்கு அல்லவா?

நிற்க. எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாய், ஐந்தாம் படிவம் படிக்கும் மகளோடு ஒரு மாலை என்னைப் பார்க்க வந்தார். கையில் துணிப்பையில் சுற்றிய மடிக்கணினி. பழைய 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபியைப் பட்டணத்தில் பொருத்தியிருந்தார்கள். சில வாரத்தில் கோப்பு கெட்டது. கடையில் எல்லாவற்றையும் அழித்து விண்டோசைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் அழித்து ஏற்றம், மறுபடியும் கட்டணம்.

“ஐயா, மூணாவது தடவையும் அழிக்கணும்னு சொல்றாங்க. அதுல எங்க மாமியாரோட பேப்பரெல்லாம் இருக்குங்க” என்றார் அந்தத் தாய்.

அந்தப் பாட்டி இந்த நாட்டில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்புப் பத்திரம் இல்லை. இன்றுவரை சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போட வைத்திருந்த பழைய தோட்டத்துக் கடிதத்தின் மூலப்பிரதி 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் பாழாகிவிட்டது. அதற்கு முன் பேத்தி எடுத்து வைத்த படம் ஒன்றுதான் ஆதாரம். முதல் முறை அழிப்பதற்கு முன் அதைப் பென் டிரைவில் நகல் எடுத்திருந்தாள், கெட்டிக்காரப் பெண். ஆனால் பென் டிரைவைத் திறந்தால், கடிதத்தின் மேல் பாதி தெரிகிறது. கீழ்ப் பாதி முழுவதும் சாம்பல் நிறம். தோட்ட நிர்வாகியின் கையெழுத்து இருந்தது கீழ்ப் பாதியில்.

நகல் எடுத்தபோதும் அந்தப் படம் அதே மேசை வழியாகத்தான் போயிருக்கிறது. மேசை பழுது, ஆகவே நகலும் பழுது. பாட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “போனா போவுது விடு கண்ணு, இத்தன வருசம் இருந்தாச்சு” என்றாராம். பிறகு தேடியதில் அந்தப் படத்தை எப்போதோ தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது நினைவுக்கு வந்து, அவருடைய கைப்பேசியில் முழுமையாகக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு தாய்மாமன் கிடைப்பாரா?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, புதிதாகப் போட்ட ரேமைக் கழற்றுவது. கணினியை நிறுத்தும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக நிறுத்தினால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும், முழுதாக நிற்காது. மின்கம்பியை எடுங்கள், பேட்டரி தனியாக வருமானால் அதையும் எடுங்கள். உடம்பில் தேங்கிய மின்சாரம் ரேமைக் கெடுக்கும். ஆகவே வெளியில் தெரியும் இரும்பு எதையாவது தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். மடிக்கணினியில் ரேமின் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். அதை மெல்ல விலக்கினால் ரேம் தானே சாய்ந்து எழும். பொன்னிறப் பற்களில் விரல் படக்கூடாது.

இரண்டாவது, பழைய ரேம் மட்டும் இருக்கும் நிலையில் கணினியை இயக்கி, வேண்டிய கடிதங்களையும் படங்களையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததும் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பெயர் இருக்கிறது, ஆகவே கோப்பும் இருக்கிறது என்று நம்பாதீர்கள். விண்டோஸ் எழும்பவே மறுத்தால் வன்தட்டை அழிக்கச் சம்மதிக்க வேண்டாம். அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகல் எடுக்க முடியும். இதைச் செய்து தரும்படி கடையில் தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது, சோதனை. தொடக்கப் பட்டியலில் மெமரி என்று தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று வரும். அதைச் சொடுக்கி, உடனே மறுதொடக்கம் செய்து சோதிக்கும்படி சொல்லுங்கள். சோதனை நடக்கும்போது எப்1 விசையை அழுத்தி, எக்ஸ்டெண்டட் என்னும் நீண்ட சோதனையைத் தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும், இரவு படுக்கப் போகும்போது போட்டுவிடலாம். இதைவிடக் கடுமையான சோதனை வேண்டுமென்றால் மெம்டெஸ்ட் 86 என்னும் இலவசச் செயலி இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியை இயக்க வேண்டும். என் அனுபவத்தில் விண்டோஸ் சோதனையில் தப்பித்த ரேம் இதில் மாட்டிக்கொண்டதுண்டு.

முதலில் பழைய ரேமைத் தனியாகச் சோதியுங்கள். பிறகு புதியதைத் தனியாக. இரண்டும் தேறினால் இரண்டையும் சேர்த்து. தனித்தனியே நன்றாக இருந்து சேர்ந்தால் சண்டை போடும் ரேம்களும் உண்டு. மாமியார் மருமகள் கதைதான். துளையில் சரியாக உட்காராததாலும் பிழை வரும். கழற்றி அழுத்தி மாட்டியதும் சரியாகிவிடும். இந்தச் சோதனையில் பத்துப் பிழை வந்தாலும் ஒரு பிழை வந்தாலும் ஒன்றுதான். ஒரு பிழை என்றாலும் அந்த ரேம் வேண்டாம். அந்தப் பெண் கொண்டுவந்த கணினியில் பழைய ரேம் இரவு முழுக்க ஓடியும் பிழையில்லை. புதியது கால் மணி தாங்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

கெட்ட ரேம் வெளியே போன பிறகு, நல்ல ரேம் மட்டும் இருக்கும்போது, கோப்புகளைப் பழுது பார்க்கலாம். இதற்கு விண்டோசுக்குள்ளேயே கருவிகள் உண்டு. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். தொடக்கப் பட்டியலில் சி, எம், டி என்று தட்டி, வரும் கறுப்புப் பெட்டியின் பெயர்மீது வலது சொடுக்கு வைத்து, ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனிச் சொல்பவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

வன்தட்டின் அடுக்கைச் சரிபார்க்க: சி, எச், கே, டி, எஸ், கே என்று ஆறெழுத்து, ஓர் இடைவெளி, சி, முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, சாய்கோடு, எப். இப்போது முடியாது, அடுத்த தொடக்கத்தில் செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் என்று தட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். கெட்ட ரேமோடு இதை ஓட்டுவது ஆபத்து. நல்ல அடுக்கையும் கலைத்துவிடும். வரிசையை மாற்றாதீர்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்தது: டி, ஐ, எஸ், எம், இடைவெளி, சாய்கோடு, ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு, கிளீனப், சிறுகோடு, இமேஜ், இடைவெளி, சாய்கோடு, ரெஸ்டோர்ஹெல்த். விண்டோஸ் தன் கோப்புகளுக்கு ஒரு மாற்றுக் களஞ்சியம் வைத்திருக்கிறது. அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் இணையத்திலிருந்து நல்ல பிரதிகளை இறக்கிச் சரிசெய்வது இந்தக் கட்டளை. ஆகவே இணையத் தொடர்பு வேண்டும். ஏதோ ஓர் எண்ணில் வெகுநேரம் நின்றுவிடும், பயந்து மூடிவிடாதீர்கள்.

கடைசியாக: எஸ், எப், சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாக. இது ஒவ்வோர் இயக்கக் கோப்பையும் அந்தக் களஞ்சியத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கும். களஞ்சியம் சுத்தமாக இருந்தால்தான் இது உதவும். ஆகவே முந்தியதை முதலில் செய்யச் சொன்னேன். முடிவில், பிழை ஏதுமில்லை என்றோ, கண்டு சரிசெய்தேன் என்றோ வந்தால் நல்லது. சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால், மறுதொடக்கம் செய்து இன்னும் ஓரிரு முறை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நிறுவுச் செயலியை இயக்கி, சொந்தக் கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்ற தேர்வோடு மேலேற்றலாம். அழித்து ஏற்றுவது கடைசிக் கதி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் விண்டோசின் சொந்தக் கோப்புகளை மட்டுமே மீட்கும். உங்கள் கடிதத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் மைக்ரோசாப்டிடம் மாற்றுப் பிரதி கிடையாதே! அவற்றை நீங்கள் வேறிடத்தில் வைத்திருந்தால் உண்டு.

இனி ரேம் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகை உண்டு; நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும்; ஒன்றின் துளையில் மற்றது ஏறாது. ஏறாததைப் பலவந்தமாக அழுத்த வேண்டாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிட்டிருப்பார்கள், கூட்ட வழியில்லை. உங்கள் விண்டோஸ் 10, 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவது வீண் செலவு.

நினைவகச் சில்லுகள் எங்கோ அந்நிய நாட்டில் செய்யப்படுபவை என்று எண்ண வேண்டாம். 1972இல் இன்டெல் பினாங்குக்கு வந்ததிலிருந்து மின்னணுத் தொழில் நம் நாட்டில் ஊன்றியிருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று நினைவகம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனத்தின் தொழிற்சாலை நிற்கிறது. நம் பெண்கள் எத்தனையோ பேர் தொழிற்சாலை பஸ் ஏறி இத்தகைய சில்லுகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனவர்கள். சோதனை என்றால் என்ன என்பதை அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். கடையில் இருப்பவருக்கு அந்தப் பொறுமை ஏன் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு முறை அழித்து ஏற்றிக் காசு வாங்கியவர், ஒரு முறையாவது ரேமைச் சோதித்திருந்தால் அந்தத் தாயின் சம்பளத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்.

கெட்ட ரேமை என்ன செய்வது? ரசீதைப் பத்திரப்படுத்தி, சோதனைத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே போங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் இருக்கும். சிலவற்றுக்கு ஆயுள் உத்தரவாதமே உண்டு. கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் யாரும் வாதாட வருவதில்லை, நீங்களே பேசலாம். முதலாம் படிவத்தை நிரப்பி, ரசீதின் நகலையும் சிவப்பு எழுத்து விழுந்த அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரைத் தயங்காமல் அணுகலாம். வெயிலில் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு அது.